ரவுட்டரில் கடைசிப் பந்தி

தனியாக இருக்கிறவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் எளிதில் தப்பி வர முடியாது. முதல் கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டாவது கோப்பை வந்துவிடும். பிஸ்கட் வரும். நீங்கள் கேட்காத கதைகளெல்லாம் வரும். எழுந்தால், "மழ விடட்டுமே, அப்பறம் போகலாம்" என்பான். (எங்கள் தலவாக்கலையில் மழை விடட்டும் என்று காத்திருப்பவன் அங்கேயே குடியேறிவிட வேண்டியதுதான்.) நானும் பல வருடங்கள் அப்படிப்பட்ட ஆசாமியாகத்தான் இருந்தேன். ஒரே ஒரு வித்தியாசம், நான் ஆட்களைப் பிடித்து வைத்தது பிஸ்கட்டைக் காட்டி அல்ல, வைஃபையைக் காட்டி.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா கல்யாணம் கட்டி ஹட்டனுக்குப் போய்விட்டாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். தொழில், கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் வீடியோ எடுத்து, அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இணையத்தில் ஏற்றி அனுப்புவது. பகல் முழுக்க அடுத்தவன் கல்யாணத்தில் அடுத்தவன் மாமியார் அழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்தால் அவ்வளவு சனமும் ஒரே நொடியில் காணாமல் போகும். அந்த நொடி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதற்குப் பயந்தே பல நாள் அணைக்காமல் விட்டிருக்கிறேன்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் எட்டாது. போனில் பேச வேண்டுமென்றால் மேட்டு ரோட்டுக்கு ஏறிக் குடையோடு நிற்க வேண்டும். தொழிலுக்காக நான் கூரையில் ஒரு ஏரியலைப் பொருத்தி, வீட்டுக்குள் ரவுட்டர் வைத்ததும் முதல் ஆளாக வந்து நின்றது அடுத்த வீட்டு ராசாத்தி அக்கா. அவருடைய வீட்டுக்காரர் கத்தாரில் வேலை. "தம்பி, அந்த பாஸ்வேர்ட கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். லயத்தில் பக்கத்து வீட்டார் வந்து உப்புக் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? கொடுத்தேன். அந்த வாரமே லயம் முழுக்க என் உப்பைத் தின்றது.

எனக்குச் சந்தோஷம்தான். திரையில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் யார் யார் போன் இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு போனுக்கும் அந்தந்த வீட்டுப் பெயரை வைத்தேன். ஆள் வீட்டுக்கு வந்ததும் பெயர் பச்சையாகும், வெளியே போனால் சாம்பல் நிறமாகும். சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டியலின் முன்னால்தான் உட்காருவேன். தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்துட்டார், ராசாத்தி அக்கா வந்துட்டாங்க என்று பார்த்தபடியே சாப்பிடுவேன். (சிரிக்காதீர்கள். வேறு எவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது?)

சிக்கல் வந்தது என் வீடியோக்களால். ஒரு கல்யாண வீடியோவை ஏற்ற ஆரம்பித்தால் பகல் முழுக்க ஏறும். அந்த நேரத்தில் லயத்தில் எவருடைய போன் கோலும் விளங்காது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி பெரிய மூட்டையோடு முன்னால் நின்றால், பின்னால் கைப்பிடிக் கொழுந்தோடு நிற்பவளும் காத்துத்தான் ஆக வேண்டும். என் வீடியோ அந்த மூட்டை. ராசாத்தி அக்கா கத்தாருக்கு அனுப்பும் "சாப்பிட்டீங்களா?" அந்தக் கைப்பிடி.

"தம்பி, அவரு மூஞ்சி கட்டங்கட்டமா வருது. நான் சாப்பிட்டீங்களான்னு கேட்டது அவரு தூங்கப் போறப்பத்தான் கேக்குதாம்" என்று அக்கா வந்து அழாத குறையாகச் சொன்னார்.

இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ரவுட்டருக்குள்ளேயே இதற்கு ஒரு வழி இருந்தது. எந்தப் போனுக்கு முதலில் வழிவிடுவது, எதைக் கடைசியில் நிறுத்துவது என்று வரிசை போட்டுக் கொடுக்கலாம். கொடுத்தால் அது சொன்னபடி கேட்கும்.

இங்கேதான் நான் வளர்ந்த வளர்ப்பு குறுக்கே வந்தது. எங்கள் வீட்டு விசேசங்களில் ஒரு முறை உண்டு. வந்தவர்களுக்கு முதல் பந்தி. வெளியூர்க்காரர், வயதானவர், பிள்ளைகள் என்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில் மிச்சம் மீதியோடு உட்கார வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் ஊர் காறித் துப்பும். ஆகவே நானும் ரவுட்டருக்குள் பந்தி போட்டேன். முதல் இடம், புதிதாக யார் வந்து இணைந்தாலும் அவருக்கு. அடுத்தது தலைவர். பிறகு ராசாத்தி அக்கா, மற்ற வீடுகள். எல்லாருக்கும் கீழே, கடைசிப் பந்தியில், என் கம்ப்யூட்டரும் என் போனும்.

அற்புதமாக வேலை செய்தது. லயமே என்னைப் பாராட்டியது. என் வீடியோ மெதுவாக ஊர்ந்து ஏறியது, ஏறட்டுமே. எனக்கென்று ஒரு கோல் வந்தால்தானே இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை தெரியும்? அப்படி ஒரு கோல் வரவில்லை. ஓட்டையும் தெரியவில்லை.

அக்காதான் பெண் பார்த்தாள். உடப்புசல்லாவையில் மாலதி என்று ஒரு டீச்சர். அப்பா அங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, மச்சான், மச்சானின் தம்பிமார், அவர்களுடைய மனைவிமார் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் ஹட்டனிலிருந்து வந்து என்னை ஏற்றிக்கொள்ள இறங்கினார்கள். நான் புதுச் சட்டை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்துச் சீவி, ஒரு மாதிரி மனிதனாக நின்றேன். அப்போது பார்த்து உடப்புசல்லாவையிலிருந்து செய்தி வந்தது. மண்சரிவு, ரோடு அடைத்துவிட்டது, வேன் வர வழியில்லை.

"நல்ல காரியத்த தள்ளிப் போடக் கூடாது. போன்லயே பாத்துருவோம். தம்பி ஊட்டுலதான் லயத்துக்கே குடுக்குற அளவுக்கு வைபை இருக்கே" என்றாள் அக்கா.

பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை. போனை அலமாரியில் சாய்த்து வைத்து, பின்னால் அக்கா கொண்டுவந்த பூப்போட்ட திரைச்சீலையைத் தொங்கவிட்டோம். ராசாத்தி அக்கா வடை சுட்டுக் கொண்டுவந்தார். வந்ததோடு நிற்காமல், வேன் ஆட்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாஸ்வேர்டையும் சொல்லிக்கொடுத்தார். விருந்தாளிகளாச்சே!

கோல் எடுத்தோம். அந்தப் பக்கம் நாற்காலிகளில் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா, நடுவில் மாலதி. எனக்கு அவர்களுடைய படமும் குரலும் நன்றாகத்தான் வந்தன. என்னிடமிருந்து போவதுதான் போகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் நடந்ததைப் பிற்பாடு மாலதி சொல்லித்தான் அறிந்தேன்.

"தம்பி, ஊட்டுல தனியாத்தானே இருக்கீங்க, தேத்தண்ணியெல்லாம் யாரு போட்டுத் தாறது?" என்று அப்பா கேட்டார்.

"நானேதாங்க. காலையில ஒன்னு, சாயங்காலம் ரெண்டு. மழ பேஞ்சா கணக்கே இல்லீங்க" என்றேன் அடக்கமாக.

அங்கே என் வாய் அசையவில்லை, சத்தமும் வரவில்லை. பையன் கூச்சப்படுகிறான் போலிருக்கிறது என்று அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "கொறைய நெனைக்காதீங்க. குடிப்பழக்கம் ஏதாச்சும் இருக்குங்களா?"

அப்போதுதான் என் முதல் பதில் போய்ச் சேர்ந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் இரண்டு, மழை பெய்தால் கணக்கே இல்லை.

அவர் முகம் மாறியதைப் பார்த்து, நம் அடக்கம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். "சே சே, அந்தப் பக்கமே போறதில்லீங்க. வாழ்க்கையில தொட்டதில்ல" என்றேன். அதற்குள் அந்த அம்மா பேச்சை மாற்ற நினைத்து, "கோயிலுக்கெல்லாம் போவீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கமே போறதில்லீங்க என்று நான் அங்கே சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

இதற்கு மேல் பேச்சு வேண்டாம், வடையைச் சாப்பிடுவோம் என்று ஒரு வடையை எடுத்து வாயில் வைத்தேன். அந்த நிமிடத்தில் என் படம் அவர்களிடம் அப்படியே நின்றது. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாயில் முழு வடை. எதிர்கால மனைவி என்னை முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

இணைப்பு மோசம் என்று போன் எழுதிக் காட்டியதும் எங்கள் பக்கம் கலவரம். சத்தம் போட்டால் போய்ச் சேரும் என்று மச்சான் கத்தினார். தலைவர் ஓடிவந்து ரவுட்டரைத் தூக்கிச் சன்னலோரம் வைத்தார். ராசாத்தி அக்கா அதற்குத் திருநீறு பூசினார். நான் கம்ப்யூட்டரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பட்டியலின் உச்சியில் பெயர் தெரியாத போன்கள் கூட்டமாகப் பச்சையாக உட்கார்ந்திருந்தன.

"யாராச்சும் என்னமும் அனுப்புறீங்களா?"

"நான் ஒன்னும் அனுப்பல மாப்ள" என்றார் மச்சான். "போனு அதுவா எங்க கோயில் திருவிழா வீடியோ பூராத்தையும் மேல ஏத்திக்கிட்டு இருக்கு. நல்ல வைபை மாப்ள!"

எல்லாருடைய போனும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. வைஃபையைக் கண்டதும் ஒரு வருடத்துப் படங்களையெல்லாம் ஏற்ற ஆரம்பித்திருந்தன. முதல் பந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் இலை போடாமல் வெளியே நிற்கிறேன்.

"எல்லாரும் வைபைய நிப்பாட்டுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள். திரும்பிப் போனைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நான்கு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இமைகூட ஆடவில்லை. படம் உறைந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டினேன்.

எனக்குள் என்னவோ உடைந்தது. "எல்லாத்துக்கும் எடம் குடுத்தேங்க்கா. வந்தவங்க போனவங்க எல்லாத்துக்கும் குடுத்தேன். எனக்குன்னு ஒரே ஒரு கோல் வந்திச்சு, அதுக்கு எடமில்ல. தெனமும் சாயங்காலம் இந்தப் பேருங்கள பாத்துக்கிட்டுத்தான் சோறு திங்கிறேன். ஒரு நாளு நான் இல்லாட்டி வைபை இல்லேன்னுதான் தேடுவாங்க, என்னயத் தேட மாட்டாங்க" என்றேன். மூக்கு வேறு ஒழுகியது.

அப்போது போனில் மாலதியின் அப்பா மெதுவாகக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அவர்கள் உறையவில்லை. வடையோடு நின்றவனைப் பார்த்துத் திகைத்துப்போய் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். வழி திறந்ததும் நான் பேசியதெல்லாம் மணி அடித்தாற்போல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்கு விளங்கிய ஒரே பேச்சு அதுதான்.

மாலதி முதல் முறையாக வாய் திறந்தாள். "அந்த லிஸ்ட்டுல நீங்க எங்க இருக்கீங்க?"

"கடைசியிலங்க."

"ஏன்?"

"வீட்டுக்காரன்ங்க. வந்தவங்க மொதல்ல சாப்பிடணும்ல."

அவளுடைய அப்பா, "சரி தம்பி, பொறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார். பொறகு பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் யாரும் விளக்கவில்லை. வேன் புறப்பட்டது. கோல் முடிந்ததும் மறுபடி வைஃபையில் ஏறியிருந்த அந்தப் புதுப் போன்கள் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. மிஞ்சிய வடைகளை நானே தின்றேன். வீடு அதற்கு முன் எப்போதும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

அடுத்த நாட்களில் செய்ய வேறு வேலையில்லாமல், பந்தி வரிசையை அப்படியே விட்டு, ரவுட்டரைச் சரிசெய்தேன். மேலே ஏற்றுவதற்கு மொத்தமாக ஒரு வரம்பு வைத்தேன், பாதையின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக. ஒரு போன் தனியாக முழுப் பாதையையும் பிடிக்காதபடி ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தேன். பெரிய மூட்டைகள் ஓரமாகப் போக, பேச்சு முதலில் போகும். சும்மா சொல்லக் கூடாது, எல்லா வீட்டுக் கோலும் தெளிவாகக் கேட்டது. என் போன்தான் அடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் சோற்றில் கை வைத்திருந்தபோது அது அடித்தது.

"நான் மாலதி பேசுறேன். இப்ப சரியா கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குதுங்க."

"சாப்பிட்டீங்களா?"

இவ்வளவு சின்னக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தத் தடவை ரவுட்டரில் கோளாறு எதுவும் இல்லை.

இன்றைக்கும் குடும்பத்தில் எந்தக் கோல் நின்றாலும், "மொதப் பந்தி இன்னும் எந்திரிக்கல" என்பார் மச்சான். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "இவருக்கு இப்ப எல போடாதீங்க, இவரு கடைசிப் பந்தி மாப்ள" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். ஒரு கண் மூடி வடையோடு நிற்கும் படத்தை மாலதியின் சித்தப்பா போனில் பிடித்து வைத்திருந்தார். அது எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மாலதி இந்த வீட்டுக்கு வந்த அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னாள். புதிதாக வந்த போன் என்று ரவுட்டர் அவளை முதல் இடத்தில் வைத்திருந்தது. அவள் தன் பெயரைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தலைவரைத் தாண்டி, ராசாத்தி அக்காவைத் தாண்டி, என்னையும் தாண்டி, எனக்குக் கீழே கொண்டுபோய் விட்டாள்.

"ஏன், நீங்க விருந்தாளி இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் என்னா விருந்தாளியா? வீட்டுக்காரங்க கடைசியிலதானே ஒக்காரணும்" என்றாள்.

கடைசிப் பந்தியில் இப்போது இரண்டு இலை.