தொப்பியா, முழு மூட்டா?

நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தியபோது அவருடைய இன்னொரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தப்பு செய்த ஆட்டக்காரன் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றான். நடுவர் இந்தக் கோடியில்.

"எனக்கா சார்?" என்று அங்கிருந்தே கத்தினான் அவன்.

"உனக்குத்தான்! இங்க வா!"

"நீங்கதானே சார் இங்க வரணும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர் போகத்தான் பார்த்தார். வலது கால் மட்டும், 'நீ முன்னால போ, நான் அப்புறமா வரேன்' என்று நின்றுவிட்டது.

வார நாட்களில் அவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கால்பந்து லீக்கில் விசில். பந்து கையில் பட்டதா, தோளில் பட்டதா என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். வீட்டிலோ, எந்தச் சட்டையைப் போடுவது என்பதற்குக்கூட மனைவியைக் கேட்க வேண்டும்.

மனைவிதான் அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நர்ஸ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்ட, அவர் பேனாவால் தூரத்திலிருந்தே சுட்டிக்காட்டினார்.

"பந்து மாதிரி இருக்கே, அது தொடை எலும்போட தலை. கிண்ணம் மாதிரி இருக்கிறது இடுப்பு எலும்பு. நடுவுல குருத்தெலும்பு மெத்தை மாதிரி இருக்கணும். உங்களுக்கு மெத்தை போய்க் கட்டில் தெரியுது."

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?"

"வலி குறையும். தேஞ்சது தேஞ்சதுதான். சாக்ஸ் போடும்போது காலைத் தூக்க முடியாம, சாக்ஸைத் தரையில விரிச்சு வெச்சு காலை உள்ள நுழைப்பீங்களே?"

நடுவர் அசந்துபோனார். "எப்படி டாக்டர் தெரியும்?"

"அனுபவம்" என்ற டாக்டர், இழுப்பறையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பளபளவென்று காளான் குடை போல இருந்தது. இன்னொன்று நீளமான தண்டும் அதன் உச்சியில் ஒரு பந்தும்.

"இது தொப்பி. பல்லுக்குக் கேப் போடற மாதிரி, எலும்பைச் செதுக்கி மேல மாட்டறது. எலும்பு மிச்சமாகும், ஓடறவங்களுக்கு நல்லது. ஆனா உலோகத்தோட உலோகம் உரசும். ரத்தத்துல கலக்குதான்னு அப்பப்போ பாத்துக்கணும். இது முழு மூட்டு. எலும்போட தலையையே எடுத்துட்டு, உள்ள தண்டை இறக்கி, மேல செராமிக் பந்து. ரொம்பப் பேருக்கு வெச்சு நல்லாப் பழகின வழி. ஆனா போன எலும்பு போனதுதான். பின்னாடி மாத்த வேண்டி வந்தா பெரிய வேலை."

"நீங்க எதைச் சொல்றீங்க?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "உங்க வயசுக்கும் எலும்புக்கும் ரெண்டுமே சரியா வரும். அதுதான் கஷ்டமே. முடிவு உங்களோடது. நாலு பேரைக் கேளுங்க, நல்லா விசாரிங்க. என்ன முடிவு பண்ணீங்க, ஏன் பண்ணீங்கன்னு எனக்கு ஒண்ணு விடாம வந்து சொல்லணும்."

இவ்வளவு அக்கறையுள்ள டாக்டரை நடுவர் அதுவரை பார்த்ததில்லை.

"படிச்சவர் அவரு, உங்களைப் போய் முடிவு பண்ணச் சொல்றாரே! விடிஞ்ச மாதிரிதான்" என்றாள் மனைவி, காரில் ஏறியதும்.

"ஆபரேஷன் பண்ணணுமா, வேணாமான்னே நான் இன்னும் முடிவு பண்ணல."

"அப்போ அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தையே உங்க பக்கமா நகர்த்திப் போடச் சொல்லட்டுமா?"

அன்று சாயங்காலமே அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை வைத்திருந்தான். உலோகம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் அவனைத்தான் கேட்பார்கள். இரண்டு குழாய்களோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, இதைத் திருகுங்க. இப்போ அதைத் திருகுங்க. வித்தியாசம் தெரியுதா?"

"தெரியலையே."

"இது பழைய மாடல். கொஞ்ச நாள்ல சொட்ட ஆரம்பிச்சுடும். அது உள்ள செராமிக் தட்டு. வருஷக்கணக்கா வழவழன்னு இருக்கும்."

"என் இடுப்புல தண்ணி வராதுடா."

"தத்துவம் ஒண்ணுதான் மாமா. கண்ணை மூடிக்கிட்டு செராமிக் போடுங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு விஷயம். செராமிக் சாமான் கீழ விழுந்தா போச்சு."

"அது விழுந்தாலா, நான் விழுந்தாலா?"

மைத்துனன் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். "நீங்க விழுந்தா அதுவும் கூடத்தானே மாமா விழும்?"

அதன்பிறகு நடுவர் மாடிப்படியில் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

தப்பு தன்மேல் என்று உணர்ந்த மைத்துனன், பரிகாரமாக அவரை ஒரு பேக்கரிக்காரரிடம் அழைத்துப் போனான். அவர் தொப்பி வைத்துக்கொண்டவர். கேட்டதுமே கவுண்டருக்குப் பின்னால் மறைந்தார். குந்தி உட்கார்ந்திருக்கிறாராம். அடுத்த நொடி கையில் ஒரு பாக்கெட் ரொட்டியோடு முளைத்தார். மறுபடி மறைந்தார். மறுபடி ரொட்டி.

"பாத்தீங்களா? வலின்னா என்னன்னே மறந்துபோச்சு. தொப்பிதான் சார் போடணும்!"

நடுவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "முடிவு பண்ணியாச்சு" என்று மைத்துனனின் தோளைத் தட்டினார். வாசல்வரை வந்தவர், சும்மா இருந்திருக்கலாம். திரும்பி நின்று, "முழு மூட்டு வெச்சவங்க யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரே வெச்சிருக்காரே."

"பாவம், எப்படி இருக்காரு?"

"தெரியலையே சார். மலை ஏறப் போயிருக்காரு, அங்க போன் எடுக்காது."

நடுவர் ரொட்டியோடும் பழைய குழப்பத்தோடும் வீடு திரும்பினார்.

இனி பொறுக்க முடியாது என்று மனைவி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "இவருக்கு இடுப்பில் ஆபரேஷன். இரண்டு வழி இருக்கிறது. எது நல்லது?" எது நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை. சித்தப்பா, நடப்பது நடக்கட்டும் என்று எழுதினார். நடக்க முடியாதவருக்கு இப்படியா எழுதுவது என்று அத்தை சண்டைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள். இரண்டு நாளில் பழக்கூடைகள் வர ஆரம்பித்தன. செய்தி, காதுக்குக் காது ஒரு முழம் வளர்ந்து, கால்பந்து சங்கத்தை எட்டியது. சங்கத் தலைவர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு விழா. குடும்பத்தோட வந்துடுங்க."

"விழாவா? எதுக்கு?"

"நீங்க ஓய்வு பெறறதுக்கு."

"நான் எப்போ சொன்னேன்?"

"நீங்க எப்படிச் சொல்லுவீங்க, மனசு வராதே! எங்களுக்குப் புரியாதா?" தலைவரின் குரல் தழுதழுத்தது. போனை வைத்துவிட்டார்.

நேரில் போய் மறுப்பதுதான் முறை என்று நடுவர் போனார். மேடையில் அவருக்கென்று ஒரு சோபா போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் ஆளை விழுங்குகிற சோபா. தலைவர் பேசினார், செயலாளர் பேசினார், பொருளாளர் கவிதை படித்தார். கடைசியில் நடுவரைப் பேச அழைத்தார்கள்.

நடுவர் எழுந்தார். அதாவது, எழ நினைத்தார். இடுப்பு பூட்டிக்கொண்டது. முகம் கோணி, உதடு துடித்து, கண்ணில் நீர் முட்டியது.

"பாவம், தாங்க முடியல அவரால" என்றது முன்வரிசை. ஒருவர் கைக்குட்டையை எடுக்க, வரிசை முழுக்க மூக்கு உறிஞ்சியது. இளம் ஆட்டக்காரன் ஒருவன் மேடைக்கு ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதீங்க சார்!"

"அழலடா, தூக்கிவிடு!"

அவன் தூக்கிவிட்டான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் ஒலிபெருக்கியைக் கைத்தடி போலப் பிடித்துக்கொண்டார். வலியும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"நான் ஓய்வு பெறல! ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு நான்தான் விசில்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலைவர் வேறு, முதல் ஆட்டம் அவருக்கே என்று அங்கேயே அறிவித்துவிட்டார். நினைவுப் பரிசாகச் சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்தார்கள். பெயர் பொறித்தாகிவிட்டது, கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டானாம்.

திரும்பும்போது மனைவி கேட்டாள்: "பண்ணிக்கறதுன்னு ஆயிடுச்சு. எதை?"

அவர் மடியில் இருந்த கடிகாரத்தில் பொறித்திருந்த தன் பெயரை விரலால் துடைத்தார். "தப்பானதை எடுத்துட்டா, வெளியில உக்காந்து இன்னொருத்தன் ஊதற விசிலைக் கேட்கணும். அதான் பயமா இருக்கு" என்றார்.

"அப்படி ஆனா நானும் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்" என்றாள் அவள். அடுத்த திருப்பத்தில் காரைத் திருப்பிக்கொண்டே, "ஆனா வீட்ல எனக்கு அட்டை காட்டற வேலை வெச்சுக்கக்கூடாது" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மனைவி காரை நிறுத்தப் போன இடைவெளியில் நடுவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். எத்தனையோ ஆட்டங்களைத் தொடங்கி வைத்த கை அது. தலை விழுந்தால் தொப்பி, பூ விழுந்தால் முழு மூட்டு. சுண்டினார். காசு தரையில் விழுந்து உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. குனிய முடியுமா? வாசல் காவலாளி ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் விழுந்திருந்தது?"

"பாக்கலையே சார். முக்கியமான விஷயமா? வேணும்னா நான் ஒரு தடவை போடறேன்."

காவலாளி சுண்டி, புறங்கையில் பிடித்தார். தலை.

உள்ளே டாக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க. எது?"

"தொப்பி."

"ஏன்?"

பெரிய மனிதரிடம் காசைப் பற்றிச் சொல்ல முடியுமா? நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் பாத்தேன் டாக்டர். கடைசில ஒரு பக்கம் தெளிவா விழுந்துடுச்சு."

"சந்தேகமே இல்லையா?"

"நான் ஒரு தடவை சொல்லிட்டா மாத்தறதில்ல."

டாக்டர் அவரை மரியாதையோடு பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோல் கைத்தடியானது, கைத்தடி மூலைக்குப் போனது. ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் டாக்டர் அவரைத் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் கொட்டாமல் பார்த்தார். மாடிப்படி ஏறச் சொன்னார். சாக்ஸைப் போடச் சொன்னார். கழற்றி இன்னொரு தடவை போடச் சொன்னார். "இப்படி ஒரு டாக்டர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று நடுவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பந்து போன இடத்துக்கெல்லாம் அவரும் போனார். சில சமயம் பந்துக்கு முன்னாலேயே போய் நின்றார். ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்தவர், "அவருக்கு முதல்ல சொல்லணும்" என்று சொல்லி, மறுநாள் காலை முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அறையில் வேறு யாரோ ஒரு இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸை வழிமறித்தார். "பெரிய டாக்டர் எங்கம்மா? லீவா?"

"மாடி வார்டுல படுத்திருக்காரு சார். அஞ்சு வருஷமா தொப்பியா, முழு மூட்டான்னு முடிவு பண்ண முடியாம இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. 'அந்த நடுவர் மாதிரி தீர ஆராய்ஞ்சு முடிவு எடுத்தவரை நான் பாத்ததே இல்ல, அவரை நம்பித்தான் படுக்கறேன்'னு சொல்லிட்டு நேத்துதான் தொப்பி வெச்சுக்கிட்டாரு."