இஞ்சராவைக் கழுவிய மாப்பிள்ளை

பொய் சொல்லிப் பெண் கட்டியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சொன்ன பொய் சாப்பாட்டுத் தட்டிலேயே பிடிபட்டு, அதற்குப் பிறகும் பெண் கட்டியவன் செங்கல்பட்டு மாவட்டத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்போது கேளம்பாக்கத்தில் இரண்டு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரேவதி புதுப்பட்டினத்தில் பல் டாக்டர். (கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவளிடமே மனதையும் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.) அவள் அப்பா எத்தியோப்பியாவில் பதினைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் சரி என்றால்தான் கல்யாணம் என்று ரேவதி கறாராகச் சொல்லியிருந்தாள். என்னைப் பார்க்க அவர் வரச்சொன்ன இடம், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த எத்தியோப்பிய ஓட்டல்.

வாசலில் ரேவதி என் காலரைச் சரிசெய்வதுபோல் காதைக் கடித்தாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பீலா வுட்டா எங்கப்பாவுக்கு ஆவாது."

தலையாட்டினேன். உட்கார்ந்ததும், இந்தச் சாப்பாடு பழக்கமா என்று அவள் அப்பா கேட்டார். "நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் அந்த ஊருதான் சார். வாரா வாரம் அவன் வூட்ல இதான்" என்றது என் வாய். (நான் சொல்லவில்லை, வாய்.)

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய வட்டத் தட்டு வந்தது. தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில், மெத்தென்று, பொடித் துளைகளோடு ஏதோ விரித்திருந்தது. மேலே ஒன்றுமில்லை. குழம்புக் கிண்ணங்கள் பின்னால்தான் வந்துகொண்டிருந்தன. எங்கள் வம்சத்தில் பரிமாறுவதற்கு முன் எதிரே விரிப்பது இலையைத்தான். பழகிய கை என்று காட்ட வேண்டாமா? தம்ளர் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, பந்தியில் செய்வதுபோல் ஓரம் வரை வழித்துத் துடைத்தேன்.

இலை கையோடு வந்தது.

கிண்ணத்தோடு நின்ற எத்தியோப்பிய அம்மா என்னைப் பார்த்தார். ரேவதி கூரையைப் பார்த்தாள். நான் கழுவியது இஞ்சரா, அவர்கள் ஊர்ப் புளிப்பு ஆப்பம், அதாவது எங்கள் சாப்பாடு என்பது உள்ளங்கையில் கூழாக இருந்தபோதுதான் விளங்கியது.

"உங்க ஃப்ரெண்டு வூட்ல கழுவிட்டுத்தான் சாப்புடுவாங்களா, தம்பி?" என்றார் ரேவதியின் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஃப்ரெண்டே இல்ல சார். இலைன்னு நெனச்சிட்டேன். நான் துன்னதுலயே ரொம்ப தூரத்து ஐட்டம் திண்டிவனம் பரோட்டாதான்."

அவர் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னார். ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் சுருட்டி என் முன்னால் நீட்டினார். விபூதி வாங்குவதுபோல் இரண்டு கையையும் குவித்தேன்.

"கையில இல்ல. வாயத் தொற."

அங்கே தன் மனுஷன் என்று நினைப்பவருக்குத்தான் இப்படி ஊட்டுவார்களாம். ரேவதி மெல்லச் சொன்னாள். கவளம் பெரிதாக இருந்தால் பிரியமும் பெரிதாம். அது கிரிக்கெட் பந்து அளவு இருந்தது. விக்கிச் செத்திருந்தாலும் அன்று மாப்பிள்ளையாகத்தான் செத்திருப்பேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்ததாக அளந்தால், "தண்ணி தெளிக்கட்டா?" என்பார்கள். போன வாரம் காரில் போகும்போது, நெம்மேலிக்குக் குறுக்கு வழி தெரியும் என்று மாமனார் வண்டியைத் திருப்பச் சொன்னார். நேராக ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய் நின்றோம். பின் சீட்டிலிருந்த என் மகள் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து தாத்தாவிடம் நீட்டினாள்.