துவக்குக்கு டோர்ச் தேடிய அண்ணை

லண்டனில் கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். டோர்ச் லைட் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வாங்காத துப்பாக்கிக்குப் பொருத்தமான டோர்ச் தேடி, பெண் பார்க்கப் போவதுபோல் கடை கடையாக ஏறி இறங்கிய மனிதர் ஒருவர்தான். எங்கள் டோர்ச் அண்ணை.

எண்பதுகளின் கடைசிக் காலம். கிங்ஸ்பரியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்த அண்ணை, நான், திருச்சியிலிருந்து கணக்கியல் படிக்க வந்த சேகர். அண்ணைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவருடைய வங்கி மட்டும்தான் அதைப் பாவித்தது.

ஒருநாள் பகலில், நாங்கள் வெளியே போயிருந்தபோது, கள்ளன் வந்துவிட்டான். டெலிவிஷன், வீடியோ டெக், சேகரின் குளிர்கோட்டு எல்லாம் போயிற்று. அண்ணை அசையவில்லை. அடுப்படிக்குப் போன பிறகுதான் அலறினார். காலையில் அவர் சமைத்து வைத்த ஆட்டிறைச்சிக் கறியைச் சட்டியோடு காணவில்லை.

"டிவி கொண்டு போனதை மன்னிக்கலாம். கறியைக் கொண்டு போனவனை விடேலாது. நான் துவக்கு வாங்கப் போறன்."

"துவக்குன்னா?" என்றான் சேகர்.

"துப்பாக்கியடாப்பா. கையிலை பிடிக்கிறது."

மறுநாள் நூலகத்தில் துப்பாக்கிச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிவிட்டு ஞானம் பெற்ற முகத்தோடு வந்தார். "தம்பி, துவக்கு பிறகு. முதல் டோர்ச். இருட்டிலை ஆரெண்டு தெரியாமல் சுடக் கூடாது. நீர் தண்ணி குடிக்க எழும்பி வருவீர். நான் சுட்டுப்போட்டனெண்டால்?"

என் உயிர்மேல் இவ்வளவு அக்கறை உள்ளவரைத் தனியாகக் கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை. நானும் போனேன்.

முதலில் வாங்கியது உலக்கையின் தம்பி. தூக்கிப் பிடித்தால் கை நடுங்கி, வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. "இதோடை சுட்டால் குண்டு வெம்பிளியிலைதான் போய் விழும்." அடுத்தது கைக்கு அடக்கம், ஆனால் சுவிட்ச் பக்கவாட்டில் இருந்தது. பெருவிரல் அதைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் கள்ளன் கறியைச் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவான். பின்முனையில் சுவிட்ச் வேண்டும், அமத்தினால் எரியவேண்டும், விட்டால் அணையவேண்டும் என்று அலைந்து மூன்றாவதைப் பிடித்தார். அது சூரியனுக்குச் சொந்தக்காரன். மாடிப்படியில் நின்று, கீழே மாட்டியிருந்த கண்ணாடியை நோக்கி அடித்தார். வெளிச்சம் திரும்பி வந்து அவர் கண்ணிலேயே விழுந்தது. மிச்சப் படிகளை அண்ணை உட்கார்ந்தபடியே இறங்கினார்.

பயிற்சிக்குத் துப்பாக்கி வேண்டுமே? சேகரின் ஹேர் டிரையர் இருந்தது. வலது கையில் டிரையர், இடது கையில் டோர்ச், புறங்கைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டி நிற்க, அறை அறையாகப் பாய்வார்.

"அண்ணே, காலேஜுக்கு நேரமாச்சு. துப்பாக்கியக் குடுங்க, தலை காயணும்" என்று சேகர் பின்னால் கெஞ்சிக்கொண்டு திரிவான். 'டோர்ச்சர் அண்ணே' என்று பெயர் வைத்தவன் அவன்தான். மரியாதை கருதி நாங்கள் வாலை வெட்டினோம்.

கடைசியில் அனுமதி கேட்கப் பொலிஸ் நிலையம் போனோம். மொழிபெயர்ப்பாளன் நான். எதற்குத் துப்பாக்கி என்று அதிகாரி கேட்டார். கள்ளனைச் சுட என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"அது ஒரு காரணமில்லையாம், அண்ணை. கிளப்பிலை சேர்ந்து குறிபாத்து விளையாடுறதெண்டால் யோசிக்கலாமாம்."

"விளையாட்டுக்குச் சுடலாம், கள்ளனைச் சுட ஏலாதோ? என்ன நாடடா இது!"

அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். நான் "நன்றி" என்று மொழிபெயர்த்து அவரை வெளியே இழுத்து வந்தேன்.

அந்த மாரிக் குளிரில் ஒரு பின்னேரம். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. மீட்டரில் போட்ட காசு முடிந்து வீட்டில் மின்சாரமும் போயிற்று. அப்போது பின்கதவடியில் பால் போத்தல்கள் உருண்டு உடையும் சத்தம். அண்ணை ஒரு பாய்ச்சலில் டோர்ச்சையும் டிரையரையும் எடுத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால். கதவைத் திறந்து, "நில்!" என்று வெளிச்சத்தை அடித்தார்.

வட்டத்துக்குள் ஒரு மனிதன். முப்பது வயதிருக்கும். காலடியில் ஒரு பயணப் பை. அடுத்த கணம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணாடித் துண்டுகள்மேல் முழங்காலில் இருந்தான். அவன் யோசித்துச் செய்யவில்லை. ஊரின் ராணுவச் சோதனைகளில் உடம்புக்கு அது பழகியிருந்தது.

"ஐயா, சுடாதேங்கோ. நான் ஒண்டும் செய்யேல்லை."

அண்ணையின் கையிலிருந்து டிரையர் விழுந்தது. பிறகு டோர்ச்சைத் திருப்பித் தன் முகத்தில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னைப் பாரும். வடிவாப் பாரும். நானும் உம்மடை ஆள்தான். அது துவக்கில்லையப்பா, தலை காயவைக்கிற மெஷின்."

அவன் மகேசன். அன்றுதான் லண்டனில் வந்திறங்கியவன். எங்கள் விலாசத்தை அண்ணையின் மச்சான் கொடுத்து அனுப்பியிருந்தார். மின்சாரம் இல்லாததால் மணி அடிக்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறான். அண்ணை அந்த டோர்ச்சை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அவன் முழங்காலில் ஏறியிருந்த கண்ணாடித் துண்டுகளைத் தன் கையால் ஒவ்வொன்றாக எடுத்தார். தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். துவக்கு என்ற சொல் அதன்பின் அவர் வாயில் வரவில்லை.

எட்டு ஒன்பது வருடங்கள் கழித்து இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிகளையே தடை செய்தார்கள். செய்தியைக் கேட்டதும், "நான் எப்பவோ தடை செய்துபோட்டன். இவையள் இப்பதான் முழிச்சிருக்கினம்" என்றார்.

மகேசனின் கல்யாணம் ஹரோவில் நடந்தது. தகப்பன் இல்லாத அவன், அந்த இடத்தில் அண்ணையை இருத்தினான். அண்ணை அழுதார், எலுமிச்சம்பழம் கண்ணில் தெறித்துவிட்டது என்று எல்லாரிடமும் போய்ச் சொன்னார். யார் கையிலும் எலுமிச்சம்பழம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அன்று எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் கமராவைப் பார்க்கிறோம். அண்ணை மட்டும் மகேசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நேரே பார்க்கிற நல்ல படம் வேறு இல்லையா என்று என் மனைவி கேட்பாள். இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டும்.