நனையக்கூடாத ஜாக்கெட்

ஓய்வுபெற்ற மனிதர், தாம் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டிய அலுவலகத்தை ஒருமுறையாவது எட்ட இருந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமனாரின் கொள்கை. அவர் படகுத்துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். துறையில் உள்ள அத்தனை படகுகளுக்கும் அனுமதி கொடுத்தவர். ஒரு படகில்கூட ஏறியதில்லை. ஆகவே கடலிலிருந்து தன் அலுவலகத்தைப் பார்த்தே தீருவேன் என்று, மகளையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைக்கு வந்துவிட்டார்.

அவருடைய பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் அதிகாரி எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு மூன்று லைஃப் ஜாக்கெட்டுகளை நீட்டினார்.

"இது இல்லாம படகுல ஏறக்கூடாது. ஆனா நனையாம திருப்பிக் குடுத்துடணும்."

"கடலுக்குப் போறோம் சார்," என்றேன்.

"தாராளமா போங்க. ஜாக்கெட் நனையக்கூடாது. அலுவலகச் சொத்து."

"தண்ணியில விழுந்துட்டா?"

"விழுறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க."

என் மனைவிக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் புண்ணியவான் போட்ட விதி இது?"

மாமனார் தொண்டையைச் செருமினார். அதிகாரி பக்தியோடு சொன்னார்: "ஐயா போட்டதுதாம்மா. நாங்க ஒரு எழுத்துகூட மாத்தல."

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகுக்கு நடந்தோம். மாமனார் வலது காலைப் படகில் வைத்தார். இடது காலைத் துறையிலேயே விட்டுவைத்தார். படகு நகர்ந்தது. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதீங்க பெரியவரே!" என்று படகோட்டி கத்தி முடிப்பதற்குள் தொப்பென்று சத்தம் கேட்டது.

நல்ல வேளை, மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் விழுகிற அந்த நொடியில் மனிதர் ஜாக்கெட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு படவில்லை. அதிகாரி ஓடி வந்து முதலில் ஜாக்கெட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு, "அவரையும் தூக்குங்க," என்றார்.

கரையில் நின்ற கூட்டம் இதையெல்லாம் படம் பிடித்தது. மாமனார் தலை துவட்டி முடிப்பதற்குள் அறிவிப்புப் பலகையில் புதிய விதி ஏறிவிட்டது: 'மேற்படி உயிர்காப்பு அங்கியைப் பயணிகள் அணிவதற்குப் பதிலாக, இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி பயணிக்க வேண்டும்.' ஜனங்கள் அதைப் புது ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். என் மனைவி மட்டும் சும்மா இருப்பாளா?

"கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கப்பா, முகம் மறைக்குது."

அப்படியே கிளம்பினோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், சுகமாகத்தான் இருந்தது. உப்புக்காற்று மூஞ்சியில் அடித்தது. அலை தொட்டில் ஆட்டியது. கை மட்டும் வலித்தது. மாமனார் ஆசையோடு திரும்பித் தன் அலுவலகத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்த சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

"காத்துல காகிதம் பறக்குதுன்னு நான்தான் அடைக்கச் சொன்னேன்," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது இன்ஜின் இருமிவிட்டு நின்றது. நீரோட்டம் படகை வெளியே இழுத்துக்கொண்டு போனது. "கையைத் தூக்கிக் காட்டுங்க, ஆள் வருவாங்க!" என்றார் படகோட்டி. எங்கள் கைகள் ஏற்கெனவே தூக்கியபடிதான் இருந்தன. தொண்டை கிழியக் கத்தினோம். கரையில் அத்தனை பேரும் ஜாக்கெட்டைத் தூக்கி ஆட்டி எங்களுக்கு டாட்டா காட்டினார்கள்.

மாமனார் தூக்கிய கையை இறக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறி, ஜாக்கெட்டை மாட்டிப் பட்டையை இறுக்கினார். நாங்களும் மாட்டிக்கொண்டோம். உடனே கரையிலிருந்து ஒலிபெருக்கி அலறியது.

"ஐயா! ஐயா! கழட்டுங்க, நனைஞ்சிடும்!"

மாமனார் கழற்றினார். அவரைச் சொல்லி என்ன, நாங்களும்தான் கழற்றினோம்.