பம்புக்கு வந்த உயிர்மூச்சு

"ஏட்டி ஷெர்லி, எனக்க மூச்சுல காத்தாடி கறங்கிச்சு, பாத்தியா? சுகர் போயாச்சு. இனி ஊசியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

"அப்போ கால்ல புண்ணு?"

"தன்னால ஆறும். இன்னொருக்க ஊசிப் பேச்ச எடுத்தா வீட்டுல சோறு திங்க மாட்டேன்."

இரண்டு வாரத்துக்கு முன் ஜாஸ்பர் சொன்னது. கணவனைப் பட்டினி போட மனமில்லாமல் ஷெர்லி அந்தப் பேச்சை விட்டாள். புண் மூடவில்லை.

தேங்காய்ப்பட்டணத்துக் கல்யாண மண்டபம் சனிக்கிழமைதோறும் பிதுங்கியது. மேடையில் 'உயிர்மூச்சு' குமாரதாஸ். மேசைமேல் ஒரு பெட்டி, ஒரு குழாய், உள்ளங்கை அளவுக் காத்தாடி. அருள் சிந்திவிடாமல் வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு ஊத வேண்டுமாம். முதல் சனிக்கிழமை காத்தாடி அசையாது. காணிக்கை மட்டும் அசையும். அடுத்த சனிக்கிழமை சுழன்று கறங்கும். கறங்கினால் நோய் ஓடிவிட்டது. ரத்தப் பரிசோதனையா? அதெல்லாம் நம்பிக்கையில்லாத பாவிகளுக்கு!

ஷெர்லிக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. இதே மாதிரிப் பெட்டியையும் காத்தாடியையும் தினமும் தூசி தட்டி வைப்பவள். சொன்னால் ஜாஸ்பர் நம்பமாட்டான், பார்த்தால்தான் உண்டு. தலைவலி என்று அவளும் வரிசையில் நின்றாள். முதல் வாரம் அசையவில்லை.

இன்று இரண்டாவது வாரம். ஜாஸ்பர் முன்வரிசை நாற்காலியில் இருந்தான். துணிக்குள் புகுந்தவள் குழாயை வாயில் வைக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த ஃபுட்பால் பம்பில் செருகி அமுக்கினாள். காத்தாடி விர்ரென்று கறங்கியது.

"மகளே, தலைவலி போயாச்சு! என்னா ஒரு சுத்தமான மூச்சு!" என்றார் குமாரதாஸ்.

ஷெர்லி துணியை இழுத்தெறிந்தாள். "ஊதினது நானில்ல சாரே, இந்தப் பம்பு. இதுக்கு எத்தன வருசமா தலைவலி?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் மேசை விரிப்பைத் தூக்கினாள். அடியில் ஒரு வாயு உருளை, காலால் அமுக்கித் திறக்கும் ஒரு கட்டை.

"பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு. ஒரு பக்கம் இந்த உருளையில உள்ள ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன் வந்தா கரண்டு வரும், காத்தாடி கறங்கும். நாம விடுற மூச்சு பல வாயு கலந்தது; அதுலயும் மிச்ச ஆக்சிஜன் உண்டு, பம்புக் காத்துலயும் உண்டு. இவரு காலால கட்டைய அமுக்கினா யாரு ஊதினாலும் கறங்கும். கால எடுத்தா புனிதரே ஊதினாலும் கறங்காது."

குமாரதாஸ் தன் உயிர்மூச்சை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியே பறந்தார்.

"அப்போ அடுத்த சனிக்கிழம கிடையாதா?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார். மூளைக்குக் காற்றடிக்கும் பம்பு எந்தக் கடையில் கிடைக்குமோ!

ஜாஸ்பர் தலைகுனிந்து, கட்டுப்போட்ட காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஷெர்லி அவன் முன்னால் குந்தினாள்.

"காத்தாடிக்குக் காலு கிடையாது. உங்களுக்கு உள்ள ரெண்டும் எனக்கு வேணும். கொஞ்சம் யோசிங்க... ஊசி போட்டுக்கிடுங்க, என்னா?"