அரக்கு வைத்த சோற்றுப் பெட்டி

நெருப்பே இல்லாமல் சோறு வேகிறதாம்!

1987 ஆனி மாதத்தில் இந்தச் செய்தி ராஜபாளையத்தில் கிளம்பியது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் தெற்கே சேத்தூருக்கும் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை ரேஷன் கடை வாசலில் சீமெண்ணெய்க்குக் கேனை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் ஒதுங்கியிருந்த சனமெல்லாம், கேனைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனைக்கு ஓடியது. அங்கே பந்தல். பந்தலில் மைக் செட். மைக் செட்டுக்குப் பின்னால் அனலடக்கி சுவாமிகள்.

நாற்பது வயது, தாடி, காவி, கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை. இமயமலையில் பன்னிரண்டு வருடம் பனிக்கட்டியோடு வாழ்ந்தவராம். "பன்னிரண்டு வருஷம் ஐஸைத் தொடாத நாளே கிடையாது!" என்று மைக்கில் அவரே சொன்னார். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அற்புதம் இப்படி நடக்கும். சாமி முதலில் ஒரு பித்தளைக் கைமணியைக் கிணுகிணுவென்று ஆட்டுவார். மணிச் சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ பிள்ளைகள் எல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். தெய்வ சாந்நித்தியம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும் என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு அரிசிப் பானையை ஸ்டவ்வில் ஏற்றி, கொதி வந்ததும் ஐந்தே நிமிடம் விடுவார். ஏன் ஐந்து? பஞ்சபூதம் ஐந்தல்லவா! ஐந்தாம் நிமிடம் ஸ்டவ்வை அணைத்து, பானையை மூடியோடு தூக்கி ஒரு காவிப் பெட்டிக்குள் வைத்து அடைப்பார். ஒரு மணி நேரம் மந்திரம். திறந்தால் மல்லிகைப்பூ மாதிரி சோறு. அனலை அடக்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாராம்.

பெட்டி விற்பனைக்கும் உண்டு. இருநூற்றைம்பது ரூபாய். பெட்டியின் உள்பக்கம் முழுக்கக் காவித்துணி அடித்து, ஓரமெல்லாம் சிவப்பு அரக்கு வைத்திருக்கும்.

"பெட்டி என்னம்மா பெட்டி, வெறும் கட்டை! காணிக்கை மந்திரத்துக்கு" என்பார் சாமி. "அரக்கை ஒடைச்சா மந்திரம் பறந்துரும். குடும்பத்துக்கும் ஆகாது."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெட்டியைத் தூக்கி வந்து, பத்து ரூபாய் வைத்து மந்திரத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மந்திரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை நம் சனம் அன்றுதான் கேள்விப்பட்டது. ஒருவராவது ஏன் என்று கேட்க வேண்டுமே! சில்லறை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டிய கூத்துதான். ஆனால் வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளத்தாய், அடுத்தவர் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவள். பதினோரு வருடமாக. அவள் புருஷன் தனுஷ்கோடி பட்டாளத்தில் அவில்தாராக இருந்து அந்தப் பங்குனியில்தான் ஓய்வு பெற்று வந்தார். வந்த பணத்தில் தவசிமுத்துவின் பழைய விசைத்தறி ஒன்றை வாங்குவதாகப் பேச்சு. சனிக்கிழமை வரைக்கும் தறியை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று தவசிமுத்து வாக்குக் கொடுத்திருந்தார். சொந்தத் தறியை எந்தச் சுவரோரம் போடுவது என்று வெள்ளத்தாய் கரிக்கட்டியால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாமி ஓர் அறிவிப்புச் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏஜன்சி தரப்படும். டெபாசிட் பதினைந்தாயிரம். தனுஷ்கோடியின் மீசை துடித்தது.

"ஏட்டி வெள்ளத்தாயி, யோசிச்சுப் பாரு. தேரோட்டத்துக்கு எம்புட்டுக் கூட்டம் வரும்! தலைக்கு ஒரு பெட்டின்னாக்கூட..."

"தறி?"

"தறி எங்க போயிரப் போவுது? பெட்டி வித்து பத்துத் தறி வாங்குவோம்."

எல்லையில் குண்டு பறக்கும்போது நிமிர்ந்து நின்றவர்தான். காவியைக் கண்டால் முதுகெலும்பு கழன்றுவிடுகிறது.

வெள்ளத்தாய் அவரோடு போய் அற்புதத்தைப் பார்த்தாள். எல்லோரும் சாமியைப் பார்த்தபோது அவள் பானையைப் பார்த்தாள். பானை விளிம்பில் என்னவோ ஒட்டியிருந்தது. பிரசாதம் வாங்குகிற சாக்கில் அதை இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தாள். சாயங்காலமானால் அவள் தலைமுடியில் ஒட்டியிருக்குமே, அதே சாமான். மில்லில் மிஷின் துடைக்கப் போடுகிற கழிவுப் பஞ்சு.

மறுநாள் ஒரு பழைய சோப்புப் பெட்டியை எடுத்தாள். தறிக்கொட்டகையில் சும்மா கிடந்த கழிவுப் பஞ்சை அதற்குள் திணித்து, நடுவில் பானைக்கு ஒரு குழி விட்டாள். அரிசி கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் பானையை உள்ளே இறக்கி, மேலேயும் பஞ்சை அமுக்கிப் பலகையைப் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் புருஷன் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"சாமி பெட்டியா? யாருகிட்ட வாங்குன?"

"சோப்புப் பெட்டி. மந்திரம் கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் கூரையில ஏறுன அடுத்த வீட்டு ஆட்டைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

தனுஷ்கோடி சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். யோசித்தார் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

"திட்டுறதும் ஒரு வகை மந்திரம்தான், தெரியுமா?"

வெள்ளத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. பனிமலை மேல டூட்டி பாத்தீங்களே, ஒங்களுக்குச் சோறு எப்படிச் சூடா வந்துச்சு?"

"கீழ கேம்ப்ல ஆக்கி, பெரிய தடிச்ச டப்பாவுல அடைச்சுக் கோவேறு கழுதை மேல ஏத்தி விடுவான். நாலு மணி நேரம் ஆனாலும் ஆவி பறக்கும்."

"கழுதை மந்திரம் சொல்லிச்சா?"

அவர் வாயில் சோறு அப்படியே நின்றது. ஒரு நிமிடம் ஏதோ விளங்கின மாதிரிதான் இருந்தது. பிறகு மீசையை நீவிக்கொண்டார்.

"பட்டாளத்தைக் கேலி பேசாத. வெள்ளிக்கிழமை மேடையில வச்சு டெபாசிட் குடுக்கணும். தம்பதியா வரச் சொல்லியிருக்காவ, சாமி."

வெள்ளத்தாய் அன்று இரண்டு தடவை அழுதாள். இந்த ஆளுக்குச் சோறு போட்டும் புரியவில்லையே என்று ஒரு தடவை; சுவரோரம் போட்ட கரிக்கோட்டைப் பார்த்து ஒரு தடவை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"நானும் வாரேன்" என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பந்தல் பிதுங்கியது. வத்திராயிருப்பிலிருந்தும் ஆள் வந்திருந்தது. சாமி மணியை ஆட்டினார், பிள்ளைகள் ஓடி வந்தன. தனுஷ்கோடி வெற்றிலைத் தட்டில் பணக்கட்டை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். சாமியின் கை நீண்டது. வெள்ளத்தாய் சட்டென்று மைக்கைப் பிடித்தாள்.

"சாமி, ஒரு சின்ன ஆசை. பெட்டி வெறும் கட்டை, எல்லாம் மந்திரம்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா தாயே! சத்திய வாக்கு!"

"அப்ப அந்த மந்திரத்தைச் சனம் கண்ணாரப் பாக்கட்டும். நான் ஒரு வெறும் சோப்புப் பெட்டி கொண்டாந்திருக்கேன். அதுல நீங்க மந்திரம் சொல்லுங்க. உங்க பெட்டியில மந்திரம் தெரியாத நான் ஏதாச்சும் சொல்லுதேன். எது வேகுதுன்னு பாப்போம்."

சாமியின் முகம் வேகாத அரிசி நிறத்துக்கு வந்தது. "இன்னிக்கு அஷ்டமி..." என்று இழுத்தார்.

"அஷ்டமி நேத்தே முடிஞ்சு போச்சு சாமி!" என்று கூட்டத்திலிருந்து பக்தர் ஒருவர் நாள்காட்டித் தாளை ஆட்டினார். அவர் சாமியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். "செஞ்சு காட்டுங்க சாமி! சோப்புப் பெட்டியில சோறு பொங்கட்டும்!" என்று பந்தலே கத்தியது. சந்தேகப்பட்டவள் ஒருத்தி மட்டும் கேட்டிருந்தால் சாமி அவளைச் சபித்துவிட்டுத் தப்பியிருப்பார். ஆயிரம் பக்தர்கள் சேர்ந்து நம்பித் தொலைத்தால் பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்?

கல்யாணச் சமையல்காரர் இருளப்பசாமி மேடைக்கு வந்தார். அவர் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்கிறவர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஒரே அரிசி, ஒரே அளவு தண்ணீர், ஒரே மாதிரி இரண்டு பானை, இரண்டு ஸ்டவ். கொதி வந்து ஐந்து நிமிடம் ஆனதும் இரண்டையும் அவரே இறக்கினார். ஒன்று சாமியின் காவிப் பெட்டிக்குள் போனது. மற்றது இடுக்கெல்லாம் காற்று நுழையும் சோப்புப் பெட்டிக்குள்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தை ஆரம்பித்தார். வழக்கத்தைவிடச் சத்தமாக. மலைப்பக்கத்திலிருந்து ஆனிக் காற்று ஊய் என்று வீசியது. சாமி இரண்டு தடவை கண்ணைத் திறந்து காற்று வரும் திசையை முறைத்தார்.

வெள்ளத்தாய் காவிப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு, மைக்கில் கணீரென்று ஆரம்பித்தாள்.

"ஓம் சேத்தூர்! ஓம் ராஜபாளையம்! ஓம் ஸ்ரீவில்லிபுத்தூர்! ஓம் கிருஷ்ணன்கோவில்! ஓம் வத்திராயிருப்பு! ஓம் கூமாப்பட்டி!"

கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு ஒருவர் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. கால் மணி நேரத்தில் எல்லோரும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கண்டக்டர் குரலில் "ஓம் படியில நிக்காத, உள்ள போ!" என்று சேர்த்துக்கொண்டார். பஸ் கூமாப்பட்டிக்குப் போய்விட்டு ரிட்டர்னும் வந்தது. சாமியின் மந்திரம் அந்த இரைச்சலில் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. இருளப்பசாமி முதலில் சோப்புப் பெட்டிப் பானையைத் திறந்தார். ஆவி இல்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். நசுங்கவில்லை. வாயில் போட்டார், 'கடக்' என்ற சத்தம் மைக்கில் கேட்டது.

"நடுவுல அரிசியாவே நிக்கி. இதைப் பந்தியில போட்டா இலையத் தூக்கி என் மூஞ்சியில அடிப்பாவ."

காவிப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று ஆவி அடித்து அவர் கண்ணாடி மங்கிப்போனது. அள்ளிப் பார்த்தார். பூ.

"வெந்திருச்சுய்யா! கூமாப்பட்டி பஸ்ஸுல வெந்திருச்சு!"

வெள்ளத்தாய் பானையை எடுத்துக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டும் கத்தியை உருவி, பெட்டி மூடியின் அரக்கை ஒரே கீறாகக் கீறினாள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மந்திரம் பறக்கவில்லை, பஞ்சுதான் பறந்தது. கொத்துக் கொத்தாக அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசினாள். மேடையெல்லாம் பஞ்சு. சாமி தாடியெல்லாம் பஞ்சு. துணியை உரித்த இடத்தில், திருப்பிப் போட்டு அடித்திருந்த மூடிப் பலகையில் பழைய நீல எழுத்து தெரிந்தது. இருளப்பசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்:

"பால் ஐஸ், சேமியா ஐஸ். இருபத்தஞ்சு காசு."

"ஏலே பால்ச்சாமி!"

முன்வரிசையிலிருந்து எழுந்தது வத்திராயிருப்பு மாடத்தியின் குரல். "அதான பாத்தேன், மணிச் சத்தம் எங்கயோ கேட்டிருக்கேனேன்னு! எங்க தெருவுல குச்சி ஐஸ் வித்துக்கிட்டுக் கெடந்தவன்தானடா நீ?"

பிள்ளைகள் ஏன் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வந்தன என்பது அப்போதுதான் பெரியவர்களுக்கு விளங்கியது. பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரியும். யாரும் கேட்கவில்லை.

சாமி பந்தலின் பின்பக்கம் நழுவப் பார்த்தார். தனுஷ்கோடியின் இரும்புப் பிடி அவர் கையில் விழுந்தது. பட்டாளத்துக்காரருக்கு முதுகெலும்பு ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. பணத்தட்டை அதற்குள் வெள்ளத்தாய் கையில் கொடுத்திருந்தார்.

"நான் என்னய்யா பொய் சொன்னேன்? சோறு வெந்துச்சா இல்லியா?" என்று பால்ச்சாமி கத்தினான்.

"வெந்துச்சு. பெட்டியைப் பெட்டின்னு சொல்லி, தச்சுக் கூலியும் பலகை வெலையும் கேட்டிருந்தீருன்னா நானே உமக்கு மாலை போட்டிருப்பேன்" என்றாள் வெள்ளத்தாய். "மந்திரத்துக்கு எதுக்குய்யா காசு?"

"சொல்லிப் பாக்கலைன்னா நெனைக்கிறீய? ஐஸ் பெட்டி குளிரையும் வெளிய விடாது, சூட்டையும் வெளிய விடாதுன்னு ரெண்டு வருஷம் வீடு வீடாச் சொன்னேன். சீமெண்ணெய் மிச்சம், அடுப்புப் பக்கம் நிக்கிற நேரம் மிச்சம்னு தொண்டை கிழியக் கத்துனேன். அம்பது ரூவாய்க்கு ஒரு நாதி வாங்கல. காவி கட்டுனேன், வெலைய அஞ்சு மடங்கு ஏத்துனேன். வரிசை கட்டி நிக்கிதாவ!"

அத்தனை நாளில் அவன் செய்த உருப்படியான பிரசங்கம் அதுதான். அதற்கு மட்டும் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. உண்டியலை உடைத்துப் பெட்டிக்காரர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பால்ச்சாமி அன்று சாயங்காலம் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

சனிக்கிழமை தவசிமுத்துவின் தறி வண்டியேறி வந்து கரிக்கோட்டின் மேல் உட்கார்ந்தது. தனுஷ்கோடி அதற்கு எண்ணெய் போட்டார். "கழுதைக்கு இருந்த அறிவுகூட எனக்கு இல்லாமப் போச்சே" என்று அவராகவே சொன்னபோது, வெள்ளத்தாய்க்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. தறி சடசடவென்று ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் பைத்தியக்காரி மாதிரி சிரித்தாள்.

அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் பஞ்சுப் பெட்டி செய்யச் சும்மாவே சொல்லிக் கொடுத்தாள். பருப்பும் வேகும், பயறும் வேகும், அடுப்படியில் நிற்காமல் ஒரு மணி நேரம் வேறு வேலையும் பார்க்கலாம் என்று காட்டினாள். தெருவில் பாதி வீட்டில் சீமெண்ணெய் மாதக் கடைசிவரை வந்தது.

இத்தோடு கதையை முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. பத்தாம் நாள் பக்கத்துத் தெரு பரிபூரணம், தேங்காயும் வெற்றிலைபாக்குமாக வந்து தறி முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

"யக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு. நேத்துப் பெட்டியை மூடுறப்ப கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னாடியே வத்திராயிருப்பைச் சொல்லிட்டேன். சோறு வெந்திருச்சு. ஆனா தோஷம் ஏதும் வந்திருமோ?"

வெள்ளத்தாய் தறியை நிறுத்தினாள்.

"ஏட்டி பரிபூரணம், சோறு வேக பஞ்சு போதும். அது உனக்குத் தெரியும், உன் கண்ணால பாத்திருக்க. பொறவு எதுக்குட்டி அந்த மண்டைக்கு மட்டும் இன்னும் அரக்கு வச்சிருக்க?"

பரிபூரணம் தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். சட்னி அரைத்தாளா, வேறு சாமியைத் தேடிப் போனாளா, தெரியாது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூளை என்ற சாமானை உங்களுக்கு இலவசமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்து ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டியதில்லை. திறந்து பார்த்தால் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்!