முன்னிழுப்பாரும் பலாமரத்து முடக்கும்

உலகத்தில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக ஓட்டுகிறார்கள். வளைவதற்காக மட்டுமே கார் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் முன்னிழுப்பார்தான். நேர்ப்பாதையை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. நேராகப் போவதற்கு டிரைவர் எதற்கு, உருட்டிவிட்டால் பலாப்பழம்கூடப் போகுமே என்பார்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொல்லிமலைக்கு இப்போது இருக்கிற ரோடு அப்போது கிடையாது. மலையிலிருந்து மரமும் மிளகும் இறக்குகிற சேந்தமங்கலத்துக் கான்ட்ராக்டர் ஒருவர், தன் லாரி ஏறுவதற்காக அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுப் பக்கம் வரைக்கும் ஒரு மண்தடம் வெட்டி வைத்திருந்தார். அவர்தான் எங்கள் முதலாளி. நான் அவரிடம் மிளகு நிறுக்கிறவன், அதனால் எல்லோருக்கும் தராசு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யாரும் கற்றுத்தராமலே எனக்கு நன்றாக வந்த ஒரே வித்தை கவலைப்படுவது. மழை வந்தால் தடம் சரியுமே என்று கவலை. வராவிட்டால் கொடி வாடுமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, என்ன வரப்போகிறதோ என்று கவலை.

வந்தது. முதலாளிக்குக் கார் ஆசை வந்தது.

புதுச்சேரியில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுத் துரையின் காரை ஏலத்தில் எடுத்து வந்தார். தாழ்வான உடம்பு, நீளமான மூக்கு. சம்பந்தி வீட்டார் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி ஒரு முறைப்பு. துரையிடம் அதை ஓட்டிக்கொண்டிருந்த நாமக்கல்காரரும் காரோடு கூடவே வந்துவிட்டார். துரையால்தான் கார் இல்லாமல் கப்பல் ஏற முடிந்தது. டிரைவரால் முடியவில்லை.

மற்றக் கார்களில் எஞ்சின் பின் சக்கரங்களைச் சுழற்றும், அவை காரைத் தள்ளும். இந்தக் காரில் எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றும், அவை காரை இழுக்கும். இந்த ரகசியத்தை வாங்கி முடித்த பிறகுதான் முதலாளியிடம் சொன்னார்கள். அவர் காரைச் சுற்றி வந்து பின்பக்கம் நின்றார்.

"அப்ப இந்தப் பின்சக்கரம் என்ன வேலை செய்யுது?"

"சும்மா கூட வருதுங்க."

"சும்மா கூட வர்றதுக்கா ரெண்டு டயரு? டயர் கிடைக்கிற காலமாப்பா இது?"

"முன்னிழுப்பு வண்டிங்க முதலாளி. அப்படித்தானுங்க இருக்கும்."

அன்றைக்கே அவர் முன்னிழுப்பார் ஆகிவிட்டார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்கும் அளவுக்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் கார் சாமைக் காட்டுக்குள் போய்விட்டது.

அந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். தடத்தின் நடுவில், ஒரு பெரிய பலாமரத்தடியில், பாதை அப்படியே மடங்கித் திரும்பும். பலாமரத்து முடக்கு என்று பெயர். லாரி முக்கிமுனகித் திரும்பிவிடும். நம் கார் மட்டும் திரும்பாது. முன்னிழுப்பார் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும், சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், கார் இன்னொரு பக்கம் போகும். நேரே எதிரில் ஒரு மலைக்காரரின் சாமைக் காடு. அதற்கும் அப்பால் பள்ளம். சாமை நன்றாக விளைந்திருந்ததால் கார் அதிலேயே நின்றது. முதல் தடவை காட்டுக்காரர் ஓடி வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஏனுங்க, பாதை அந்தப் பக்கம் போகுதுங்க."

இரண்டாம் தடவைக்குள் அவர் முள்வேலி போட்டிருந்தார். மூன்றாம் தடவை போனபோது வேலியை எடுத்துவிட்டிருந்தார். எப்படியும் வரத்தானே போகிறீர்கள், முள் வீணாவானேன் என்றார்.

முன்னிழுப்பார் இதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லை. காரணம் கண்டுபிடித்தார். முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை, இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், முடக்கில் இரண்டும் ஒரே நேரத்தில் தலையில் விழுகிறது, பாவம் அது என்ன செய்யும் என்றார். மூட்டையும் தூக்கி, வழியும் கேட்டு, பொறுமையாகப் பதிலும் சொல் என்றால் எந்தக் கூலிக்காரனுக்கும் கோபம் வரும் என்று முன்சக்கரத்துக்காகப் பரிந்து பேசினார். சாமைக்காகப் பரிந்து பேச ஆள் இல்லை.

அவருடைய முதல் வைத்தியம் பாரம். முன்பக்கம் கனமாக இருந்தால் சக்கரம் மண்ணைக் கவ்வும் என்பது சித்தாந்தம். இரண்டு கல்லைத் தூக்கி முன்னால் கட்டினார். போதாது என்று என்னையும் மட்கார்டு மேல் உட்கார வைத்தார். மிளகு நிறுக்கிறவனையே நிறைக்கல்லாகப் போட்டது அவருக்குப் பொருத்தமாகத் தெரிந்திருக்கலாம். கனம் கூடியதும் கார் என்ன செய்தது? வழக்கமாகப் போகிற தூரத்தைவிட இன்னும் உள்ளே போனது. நான் அதற்கும் அப்பால் போனேன். எழுந்து சாமைத் தாள்களைத் தட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்து, "தராசு, அடி ஒண்ணும் இல்லியே? முன்சக்கரம் கவ்விச்சா, வழுக்கிச்சா? நீதான் கிட்ட இருந்து பாத்தே" என்றார். கவ்வினதா என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை, சக்கரம்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றேன். பயனில்லாத சாட்சி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது டயர். நான்கும் மொட்டை. பட்டன் தேய்ந்து பனைவெல்லம் மாதிரி வழவழப்பு. முதலாளியை நச்சரித்து எங்கிருந்தோ பட்டன் உள்ள டயர் இரண்டு வாங்கினார். வேலை செய்கிறவனுக்குத்தானே செருப்பு என்று இரண்டையும் முன்னால் மாட்டினார். பின்னால் மொட்டை அப்படியே. இந்தத் தடவை முன்பக்கம் அற்புதமாகத் திரும்பியது. மகிழ்ச்சியில் அவர் வாயைத் திறப்பதற்குள், சும்மா கூட வருகிற பின்பக்கம் முதல்முறையாகத் தானும் ஒரு வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தது. பம்பரம் மாதிரி ஒன்றரைச் சுற்று. கண் திறந்து பார்த்தால், கீழே இறங்கிக்கொண்டிருந்த நாங்கள் மேலே பார்த்தபடி நிற்கிறோம்.

"திரும்பிருச்சு பாத்தியா" என்றார்.

திரும்பியது உண்மை. வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதுதான் என் அபிப்பிராயம். 

நிஜமான ஆபத்து இந்த முடக்கில் வரவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் வந்தது. கார் நின்றால் சுற்றிக் கூட்டம் சேரும். ஏன் அடிக்கடி சாமைக் காட்டில் படுக்கிறது என்று வாழைத்தார் விற்கிற ஓர் அம்மாள் கேட்டிருக்கிறார். முன்னிழுப்பார் பெருமையோடு, "எல்லாம் இழுப்புனாலதானுங்க அம்மிணி" என்றார்.

எங்கள் பக்கத்தில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பு. இல்லாவிட்டால் கை கால் இழுக்கிற வலிப்பு. சக்கரம் இழுக்கிற இழுப்பு ஒன்று உண்டு என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

"எத்தனை நாளா சாமி இழுப்பு?"

"பொறவியிலேயே அப்படித்தானுங்க. பிரான்சு தேசத்துல செஞ்சப்பவே வெச்சுட்டாங்க."

பிரான்சு தேசம் என்றது அந்த அம்மாள் காதில் ஏறவில்லை. பிறவி என்றது ஏறியது. கண் கலங்கிவிட்டார். அடுத்த சந்தைக்கு மலைத்தேனும் ஆடாதோடை இலையும் மிளகும் கொண்டு வந்து, இடித்துக் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தேன் கொண்டு வந்தார்கள். தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் தவித்தேன். "சொல்லலாம். தேன் தீரட்டும்" என்றார்.

தேன் தீருவதற்குள் செய்தி மலையிறங்கிவிட்டது. செய்திக்கு முடக்கு ஒன்றும் தடையில்லை. சோளக்காட்டில் மூச்சிழுப்பாகப் புறப்பட்டது, சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது வலிப்பாகிவிட்டது. முதலாளியின் டிரைவருக்கு வலிப்பாம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இழுத்துக்கொள்கிறதாம், அதனால்தான் கார் நேரே போகிறதாம். கேட்கக் கேட்க எனக்கே அது நம்பும்படியாகத்தான் இருந்தது.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். இரண்டில் ஒன்று, வண்டிக்குக் கோளாறு, அல்லது உனக்குக் கோளாறு என்றார். வரும் வெள்ளிக்கிழமை தானே உட்கார்ந்து வரப்போவதாகவும், முடக்கில் கார் திரும்பாவிட்டால் அதைப் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டுவிட்டு, டிரைவரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் முன்னிழுப்பார் தோள்துண்டால் காரின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.  துடைத்துக்கொண்டே, "என்னைய அனுப்பினா அனுப்பட்டும். நான் மாட்டு வண்டிகூட ஓட்டுவேன். இதை வெட்டுவாங்களா தராசு?" என்றார். வெட்ட மாட்டார்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் கவலையில்லாத மாதிரி நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் பொய்.

மறுநாள் காரை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டார். பட்டன் டயரில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் போடலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அப்படிப் போட்டால் கார் நொண்டும், உன் தராசில் ஒரு தட்டை மட்டும் தூக்கி வைத்து நிறுப்பாயா என்றார். மாற்று டயருக்கு வழியில்லை, ஆகவே ஸ்பிரிங்கில் கை வைத்தார். முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றி இளக்கினார். பின்பக்கத்துக்கு லாரியின் உடைந்த ஸ்பிரிங்கிலிருந்து பட்டை வெட்டிச் சேர்த்து விறைப்பாக்கினார். முன்னால் இளக்கமாக இருந்தால் சக்கரம் குண்டும் குழியும் பார்த்து மண்ணை விடாமல் கவ்வும், பின்னால் விறைப்பாக இருந்தால் வால் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்து மூக்கைத் திருப்பிவிடும் என்று விளக்கினார். பின்பக்கம் பம்பரமாகிவிடாமல் இருக்க மொட்டை டயரில் அரிவாள்மணைக் கத்தியால் கோடு கோடாகக் கீறினார். பிறகு காற்றைக் கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், மறுபடி ஏற்றினார். கைக்குழந்தைக்கு வயிறு நிறைந்ததா என்று பார்க்கிற பக்குவம்.

பின்சீட்டில் உட்காருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"அதை நான் யோசிக்கல" என்றார்.

வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. நான் முன்சீட்டில் இருக்க, முதலாளி பட்டு அங்கவஸ்திரத்தோடு சோளக்காட்டில் பின்சீட்டில் ஏறினார். கையில் ஒரு பெரிய இரும்புச் சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் அல்லவா, முன்னேற்பாடாக வந்திருந்தார். டிரைவரின் தோள் கொஞ்சம் அசைந்தாலும் சாவிக்கொத்து முன்னால் நீண்டது. கியர் மாற்றுவதற்குக்கூட அந்த மனிதர் பயந்து பயந்து கையை நகர்த்த வேண்டியிருந்தது.

முடக்கு வந்தது. சாமைக் காட்டுக்காரர் வரப்பில் ஒதுங்கி நின்று, வழக்கமான விருந்தாளியை எதிர்பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். முன்னிழுப்பார் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் சேற்றைக் கவ்வியது. ஒரு கணம் வால் வழுக்கியது, அடியேன் உயிரும் கூடவே வழுக்கியது, அப்புறம் மூக்கு அழகாகத் திரும்பிப் பாதையைப் பார்த்தது. கார் பலாமரத்தைச் சுற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் திரும்புகிறேன் என்பது போல இறங்கியது.

பின்சீட்டில் நடந்தது வேறு. விறைத்த ஸ்பிரிங் ஒவ்வொரு கல்லையும் முதலாளிக்குத் தனித்தனியே அறிமுகம் செய்து வைத்தது. தலை கூரையில் மோதியது. சாவிக்கொத்து பறந்து வந்து என் மடியில் விழுந்தது. கார் நின்றதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர், கை கால் உதற, பல் கிட்டிப்போய், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காட்டுக்காரர் பதறி ஓடி வந்தார். என் மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து முதலாளியின் கையில் திணித்து இறுகப் பொத்தினார்.

"இறுக்கிப் பிடிச்சுக்குங்க சாமி. இழுப்பு டிரைவருக்குன்னு சொன்னாங்க. உங்களுக்குங்களா?"

 முதலாளி சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு டிரைவரைப் பார்த்தார்.

"வண்டி திரும்புது. ஒத்துக்கறேன். இனிமே இதுல நான் ஏற மாட்டேன். மிளகு மூட்டை ஏத்தி இறக்கு. மூட்டைக்கு முதுகெலும்பு இல்ல."

கார் தப்பியது. கார் வாங்கிய முதலாளி மறுபடி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகலானார். முன்னிழுப்பார் இதைப் பதவி உயர்வு என்றுதான் எடுத்துக்கொண்டார். மூட்டைகள் வழியில் கேள்வி கேட்பதில்லை, கூரையில் முட்டுவதில்லை, பாரமும் பதவிசாகச் சொன்ன இடத்தில் உட்காருகிறது என்று சந்தோஷப்பட்டார். சாமைக் காட்டுக்காரர் மட்டும் சில நாள் வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, யாரும் வராததால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

மூட்டையோடு நான் போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மிளகு மேலேயே நிறுத்து முடிந்துவிடும். இருந்தும் அவர் காரை எடுக்கிற நாளெல்லாம் நான் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். வா என்று அவர் கூப்பிட்டதும் இல்லை, எதற்கு வருகிறாய் என்று கேட்டதும் இல்லை. சண்டை முடிந்து, முதலாளி வேறு லாரிகள் வாங்கி, அவர் காரோடு எங்கோ போய்ச் சேரும் வரையில் இது நடந்தது.

இப்போது மலைக்கு பஸ் போகிறது. ஒவ்வொரு முடக்கிலும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் ஓட்டியபோது ஒரு தடவைகூட மூடியதில்லை. பயம் இல்லாமல் அல்ல. முடக்கில் திரும்பி முடித்ததும் அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.